இரண்டாவது செவ்வாய்க்கிழமை

டிசம்பர் பிறந்துவிட்டால் நகைக்கடையிலிருந்தோ வங்கியிலிருந்தோ ஒரு டைரி எப்படியும் வீடு வந்து சேர்ந்துவிடும். சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் பழைய ஆணியில் ஏறும். டைரியின் முதல் பக்கத்தில் தீர்மானங்கள்: தினமும் நடக்க வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், மாதம் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும். அதே டைரியை ஆகஸ்டில் புரட்டினால் ஜனவரிப் பக்கங்களில் நெருக்கமான கையெழுத்து, பிப்ரவரியில் பால் கணக்கு, மார்ச்சுக்குப் பிறகு வெறும் தாள். இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வைராக்கியம் பத்தவில்லை. எழுதியவரே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். வீட்டில் உள்ளவர்களும் ஆமோதிக்கிறார்கள். ஆனால் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இதை ஆராய்ந்தவர்களின் கணக்குகளைப் பார்த்தால், பழி விழ வேண்டிய இடம் வேறு என்று தோன்றுகிறது. தீர்மானம் ஜனவரி முதல் தேதியை மனதில் வைத்து எழுதப்படுகிறது. அன்று கோயில், கேக், வாழ்த்து, உற்சாகம். அது பிழைத்திருக்க வேண்டியதோ அந்த மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில். நல்ல காரியம் எதையும் யாரும் தொடங்காத, பஸ் தாமதமான, தலைவலியோடு வீடு திரும்புகிற அந்த நாளுக்கென்று டைரியில் ஒரு வரி கூட இல்லை.

புத்தாண்டுத் தீர்மானம் என்பதே வெட்டிப் பேச்சு, தேதி மாறினால் மனிதன் மாறுவானா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத் தெரிந்தாலும் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜான் நார்கிராஸும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு தரப்பினரை ஒப்பிட்டது. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்கள் 159 பேர். அதேபோல ஏதோ ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்பினாலும் தீர்மானம் என்று எதையும் எடுக்காதவர்கள் 123 பேர். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, முதல் தரப்பில் 46 சதவீதத்தினர் தங்கள் மாற்றத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் தரப்பில் 4 சதவீதத்தினர். ஏற்கெனவே தயாராக இருந்தவர்கள்தானே தீர்மானம் எடுப்பார்கள் என்று வாதிடலாம். அவரவர் வாய்மொழியை நம்பிய கணக்கு என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு. இருந்தும் 46க்கும் 4க்கும் இடையிலான தூரத்தை அவை முழுதாக அடைத்துவிடவில்லை. தேதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன் ஆகியோர் ஜேசன் ரீஸுடன் சேர்ந்து 2014இல் காட்டியது இது: உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆட்கள் வருவதும் உணவுக் கட்டுப்பாடு பற்றி இணையத்தில் தேடுவதும் வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும் ஆண்டுத் தொடக்கத்திலும் கூடுகின்றன. பழைய தவறுகளைப் பழைய கணக்கில் எழுதிவிட்டுப் புதுப் பேரேடு திறக்கும் மனநிலை அது. ஆக, தொடக்கத்தில் குறையில்லை.

நார்கிராஸின் இதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில்தான் சிக்கல் எங்கே என்று தெரிகிறது. தீர்மானம் எடுத்த 200 பேரை அவர் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். ஒரு மாதம் 55. ஆறு மாதம் 40. இரண்டு ஆண்டு முடிவில் 19. முதல் மாதத்திலேயே கிட்டத்தட்ட பாதிப் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள், அதன்பிறகு உதிர்வது குறைந்துவிடுகிறது. பத்திரிகைகள் இந்த எண்களை மட்டும் எடுத்துப் போட்டு ஆண்டுதோறும் சிரிக்கும். அதே ஆய்வில் இருந்த இன்னொரு தகவலை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. இறுதிவரை வென்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் இடையில் ஒருமுறையாவது வழுக்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வழுக்கல்களின் சராசரி 14. பதினான்கு முறை சிகரெட்டைத் தொட்டுவிட்டோ நடையைத் தவறவிட்டோ மறுநாள் திரும்பி வந்தவர்களைத்தான் அந்தக் கணக்கு வெற்றி பெற்றவர்கள் என்கிறது. விட்டவருக்கும் வென்றவருக்கும் இடையே உறுதியின் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை. வழுக்கிய மறுநாள் என்ன செய்வது என்பதற்கு ஒருவரிடம் பதில் இருந்தது, மற்றவரிடம் இல்லை.

இந்தப் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள முடியுமா என்று சோதித்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர். 1997இல் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டருடன் அவர் வெளியிட்ட பரிசோதனை வேடிக்கையானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்கப்பட்டது: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள்? அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் குறித்த காலத்தில் அனுப்பினார்கள். வெறுமனே சம்மதித்தவர்களில் அனுப்பியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆசையின் அளவு இரு தரப்பிலும் ஒன்றுதான். பின்னர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். அவற்றிலும் இதன் பலன் கணிசமாகவே இருந்தது. இதற்குள் மந்திரம் எதுவும் இல்லை. ‘நடக்க வேண்டும்’ என்று எழுதியவர் தினமும் மாலையில் புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. களைத்த மனம் எடுக்கும் முடிவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘அலுவலகத்திலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு, உட்காராமல், செருப்பை மாற்றிக்கொண்டு பூங்காவரை போய்வருவேன், மழையானால் மொட்டைமாடிப் படிகளில் பத்து முறை ஏறி இறங்குவேன்’ என்று எழுதியவருக்கு அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. பையை வைப்பதே அவருக்கு மணியடித்தது மாதிரி.

நமக்கு இது புதிய சங்கதியே அல்ல. மாலை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பவர்களில், ஆண்டு முழுவதும் குடியையோ புகையையோ விட முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தெருவிலும் விசாரித்துப் பார்க்கலாம். அந்த 41 நாளும் அவர்களால் முடிகிறது. பக்தி காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்தியைச் சுற்றி எவ்வளவு ஏற்பாடுகள் என்று கவனிக்க வேண்டும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரியும். எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, எதன்மேல் படுப்பது என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. விருப்பத்துக்கு விடப்பட்டவை கொஞ்சம். கறுப்பு வேட்டியும் கழுத்து மாலையும் ஊருக்கே அறிவித்துவிடுகின்றன. நேற்றுவரை பேர் சொல்லி அழைத்தவர்கள் இன்று ‘சாமி’ என்கிறார்கள். அந்தக் கோலத்தில் ஒருவர் வந்து சிகரெட் கேட்டால் பெட்டிக்கடைக்காரரே கை நீட்டத் தயங்குவார். வீட்டுச் சமையல் மாறிவிடுகிறது. குருசாமி ஒருவர் இருக்கிறார். கூடவே மாலை போட்டவர்கள் இருக்கிறார்கள். மாலை பஜனை இருக்கிறது. ரமலான் நோன்பிலும் கிறிஸ்தவர்களின் தவக்காலத்திலும் இதே அமைப்பை வேறு வடிவத்தில் பார்க்கலாம். ஒரு தனி மனிதரின் மன உறுதியை மட்டும் நம்பி இவற்றில் எதுவும் கட்டப்படவில்லை. அப்படியானால் மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கடை வாசலில் நிற்கிறார்களே, அது ஏன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி, வாதத்துக்கு அதுவே வலுச் சேர்க்கிறது. 41 நாள் பயிற்சியில் உறுதி வளர்ந்துவிட்டிருந்தால் 42ஆம் நாளும் அது நின்றிருக்க வேண்டும். கழற்றியது மாலையை மட்டுமல்ல, அதோடு வந்த ஏற்பாடுகளை எல்லாம்தான்.

மன உறுதி ஒரு தசை போன்றது, உழைத்தால் களைக்கும், பழக்கினால் வலுக்கும் என்ற கருத்து 1990களின் இறுதியிலிருந்து வெகுவாகப் பரவியது. ராய் பாமைஸ்டரின் சோதனைகள் அதற்கு அடிப்படை. 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில் சேர்ந்து மறுபடி சோதித்தபோது அந்தக் களைப்பு விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. விவாதம் இன்னும் முடியவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2012இல் வில்ஹெல்ம் ஹாஃப்மனும் பாமைஸ்டரும் பிறரும் ஜெர்மனியில் செய்த ஓர் ஆய்வு. 205 பேரிடம் சிறு கருவிகளைக் கொடுத்து, நாள் முழுக்க அவ்வப்போது மணியடித்து, இப்போது எதற்கு ஆசைப்படுகிறீர்கள், அதை எதிர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். சுயக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் மல்லுக்கட்டியதே குறைவு. அவர்களின் நாளில் அந்தச் சண்டைக்கான சந்தர்ப்பமே அதிகம் வரவில்லை. மிக்சர் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவருக்கு மிக்சரை வெல்லும் வீரம் தேவைப்படுவதில்லை.

எழுதும் விதத்தில் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, தெளிவு. கேரி லேதமும் பால்டெஸும் 1975இல் வெளியிட்ட லாரி ஆய்வு இத்துறையில் பிரசித்தம். அமெரிக்காவில் காட்டிலிருந்து மரத்தடி ஏற்றிவரும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீத அளவே ஏற்றி வந்தன. ‘முடிந்த அளவு ஏற்றுங்கள்’ என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. பிறகு 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். எட்டாவிட்டால் தண்டனை இல்லை என்றும் சொன்னார்கள். முதல் மாதம் 80க்கு ஏறியது. அடுத்த மாதம் 70க்கு இறங்கியது. தண்டனை இல்லை என்பது நிஜம்தானா என்று ஓட்டுநர்கள் ஆழம் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. மூன்றாம் மாதம் 90ஐத் தாண்டியது, அங்கேயே நின்றது. சம்பளம் கூடவில்லை, லாரி மாறவில்லை. ‘இந்த ஆண்டு ஆரோக்கியமாக இருப்பேன்’ என்பது ‘முடிந்த அளவு ஏற்றுங்கள்’ என்பதன் குடும்பப் பதிப்பு. இன்னொன்று, அந்த எண் நம் கையில் இருக்கும் காரியத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2024இல் குரூப் 4 தேர்வு 6,244 பணியிடங்களுக்கு அறிவிக்கப்பட்டபோது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். ‘இந்த ஆண்டு தேர்ச்சி பெறுவேன்’ என்பது அவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்குப்படியே நடக்க முடியாத தீர்மானம். ஏழிலிருந்து ஒன்பதுவரை நூலகத்தில் அமர்ந்து பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது யாருக்கும் நடக்கக்கூடியது. லாரி ஓட்டுநர் எடையை ஏற்றலாம். மரத்தின் விலையை அவரால் ஏற்ற முடியாது. ‘செய்யமாட்டேன்’ என்பதைவிட ‘செய்வேன்’ என்று எழுதுவது மேல் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஸ்வீடனில் 1,066 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், எதையாவது சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தவர்களில் 59 சதவீதத்தினரும், எதையாவது தவிர்க்கத் தீர்மானித்தவர்களில் 47 சதவீதத்தினரும் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் மேடைகளில் இரண்டு கதைகள் விடாமல் உலவுகின்றன. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகிக்கொள்ளக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று 1960இல் எழுதியதுதான் தேய்ந்து இப்படி ஆனது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்து அளந்தபோது, ஒரு காரியம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை பரவியிருந்தது, நடுமதிப்பு 66. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி இழுத்தது. ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. மற்றொரு கதை, 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் லட்சியத்தை எழுதி வைத்திருந்த 3 சதவீத மாணவர்கள் பிற்காலத்தில் மற்ற அனைவரையும்விட அதிகச் செல்வம் சேர்த்தார்கள் என்பது. அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. கண்ணை மூடி வெற்றியைக் கற்பனை செய்யுங்கள் என்ற அறிவுரைக்கும் இதே கதிதான்: கேப்ரியேலே ஊட்டிங்கனும் தாமஸ் வாடனும் 1991இல் எடைகுறைப்புச் சிகிச்சையில் இருந்த பெண்களிடம் கண்டது, இளைத்த உருவத்தை மிக இனிமையாகக் கனவு கண்டவர்களுக்கே எடை குறைவாகக் குறைந்தது என்பதை. கனவிலேயே சாப்பிட்டவருக்கு அடுப்பு மூட்டத் தோன்றாது போலும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது வேறு ஒன்று. நேரமும் இடமும் குறித்து எழுது என்பது, தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கான அறிவுரை. 2019இன் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் வீட்டு வேலை செய்யும் ஆண்களே நாலில் ஒருவர்தான். காலை ஆறு மணிக்கு மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறவர் ‘ஆறு மணிக்கு நடை’ என்று எழுதினால் அது தீர்மானம் ஆகாது, கிண்டலாகிவிடும். இந்த எதிர்வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்றால் என்ன ஆகிறது? வைராக்கியம் போதவில்லை என்ற குற்றச்சாட்டு அவர் விஷயத்தில் முற்றிலும் சரிந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியது ஒரு டிபன் பாக்ஸை வேறு கை கட்டுவது. அதாவது, டைரியில் எழுத வேண்டியவர் அவர் கணவர். தனிமனிதத் தீர்மானங்கள் என்று நாம் நினைப்பவற்றில் பல உண்மையில் குடும்பத் தீர்மானங்கள். ஒருவர் பெயரில் எழுதப்பட்டதால்தான் தோற்கின்றன.

ஆய்வெல்லாம் வசதியான நாட்டு மாணவர்களை வைத்து நடந்தவைதானே என்றும் கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். விதிவிலக்காக, பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் ஒரு கிராமப்புற வங்கியோடு சேர்ந்து நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகிய மூவரும் நடத்திய சோதனை இருக்கிறது, 2006இல் வெளியானது. குறித்த தேதியோ குறித்த தொகையோ வரும்வரை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கு ஒன்றை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். கூடுதல் வட்டி கிடையாது. தன் பணத்தைத் தானே பூட்டிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? நூற்றுக்கு 28 பேர் சம்மதித்தார்கள். ஓராண்டு கழித்து, அந்த வாய்ப்பு தரப்பட்டவர்களின் சேமிப்பு இருப்பு, தரப்படாதவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்தது. தீபாவளிச் சீட்டும் நகைச்சீட்டும் தெரிந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. மாதம் ஐந்தாம் தேதி சீட்டுக்காரர் வாசலுக்கு வருவார் என்பதற்காகவே எடுத்து வைக்கப்படும் பணம், பீரோவில் சும்மா இருந்தால் இருபதாம் தேதிவரை தங்காது. நம்பக்கூடிய சீட்டுக்காரர் கிடைப்பது வேறு பிரச்சினை. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டு தொடர் வைப்பு போடலாம். சம்பளம் வரும் நாளிலேயே தொகை தானாகக் கழிந்துபோகும்படி செய்துவிட்டால், சேமிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அதன்பிறகு நினைக்கவே வேண்டாம்.

ஆண்டு முழுவதையும் இப்படி நேரம், இடம், எண் என்று அட்டவணை போட்டால் வாழ்க்கை அலுவலகக் கோப்பு மாதிரி ஆகிவிடாதா? பத்துத் தீர்மானம் எழுதினால் ஆகும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றால் ஆகாது. பட்டியல் நீள நீள ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்யும் பொறுமை குறைகிறது, கடைசியில் எல்லாமே ஆசைகளாகத் திரும்பிவிடுகின்றன.

நம் ஊரில் ஜனவரித் தீர்மானத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. எழுதி இரண்டு வாரம் ஆவதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது. நடைக்குப் போகிறவர் ஊருக்குப் போய்விடுவார், சர்க்கரையை விட்டவர் முன்னால் சர்க்கரைப் பொங்கல் வந்து உட்காரும், மிச்சம் பிடிக்கத் தொடங்கியவர் புதுத்துணி வாங்குவார். இது காலண்டரிலேயே அச்சாகியிருக்கும் ஆபத்து. டிசம்பரிலேயே தெரிந்த ஒன்று. ஆகவே ‘பொங்கலன்று ஒரு கரண்டி, திரும்பி வந்த மறுநாள் மாலை, பையை வைத்ததும் பழையபடி’ என்று சேர்த்து எழுதிவிடலாம். எட்டாம் தேதியே வழுக்கிவிட்டவருக்கும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. புதுப் பேரேடு திறக்கும் நாட்களுக்கு இங்கே பஞ்சமில்லை: தை முதல் நாள், சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு, படிப்பென்றால் விஜயதசமி. தை முதல் நாளில் மட்டும் தொடங்க வேண்டாம், அன்று பானை பொங்கும். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் கழிந்து, கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளிய பிறகு, காலண்டரில் பெரும்பாலும் விசேஷம் எதுவும் போடாத தை நான்காம் தேதி தோதாக இருக்கும்.